டேனியல் பூன் மீதான படை விசாரணைக்கு ஏடு எங்கே?

கேள்வி: பால்மரத்து வாத்தியார், சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டத்தில், அமெரிக்க எல்லைப்புறக் குடியேறியும் குடிப்படை அதிகாரியுமான டேனியல் பூன் (1734–1820) பற்றிச் சென்ற மாதம் பேசினேன். 1775-இல் கம்பர்லாந்து கணவாய் வழியே கென்டக்கிக்குப் பாதை வெட்டி, பூன்ஸ்பரோ என்னும் கோட்டைக் குடியிருப்பை அமைத்த கதை வரை எல்லாரும் விருப்பத்துடன் கேட்டார்கள். 1778-ஆம் ஆண்டுக்கு வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது.

அந்த ஆண்டு பிப்ரவரியில் உப்புக் காய்ச்சப் போன ஆட்களுக்குத் தலைமை தாங்கிய பூன், ஷானி என்னும் பூர்வகுடி மக்களிடம் பிடிபட்டு, தம் ஆட்களையும் சண்டையின்றிச் சரணடையச் செய்தார் என்றும், ஷானித் தலைவர் பிளாக்ஃபிஷ் அவரை மகனாகத் தத்தெடுத்து 'பெரிய ஆமை' என்னும் பொருளுள்ள ஷெல்டோவி என்ற பெயரைச் சூட்டினார் என்றும், ஜூன் மாதம் தப்பியோடி வந்த பூன் செப்டம்பரில் கோட்டை முற்றுகையை எதிர்த்து நின்றார் என்றும் சொன்னேன். அதன்பின் சக அதிகாரிகளே துரோகக் குற்றம் சாட்டிப் படை விசாரணைக்கு நிறுத்த, அவர் விடுதலை பெற்றதோடு மேஜராகவும் உயர்த்தப்பட்டார் என்று முடித்தேன்.

எங்கள் வட்டத்தின் மூத்தவர் ஒருவர் முப்பது ஆண்டுகள் தோட்டக் கிராணியாக (எழுத்தராக) இருந்து, செக்ரோல் என்னும் தொழிலாளர் வருகைப் பேரேட்டை எழுதியவர். அவர் எழுந்து, "வாத்தியாரே, தீர்ப்புச் சொன்னார்கள் என்கிறீர்கள். அதை எழுதிய ஏடு எங்கே இருக்கிறது? ஏட்டில் இல்லாத ஆளுக்கு நான் பேர் போட்டிருந்தால் மறுநாளே துரை என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்," என்றார். எனக்குப் பதில் வரவில்லை. பூனின் கைப்பட எழுதிய தாள்கள் எவை மிஞ்சியுள்ளன, அந்த விசாரணையை நாம் எதைக் கொண்டு நம்புகிறோம் என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால், அடுத்த கூட்டத்தில் அவருக்கு மரியாதையாகப் பதில் சொல்வேன்.

மறுமொழி: ஈப்போ வரலாற்று வாசகர்

ஐயா, உங்கள் கிராணியார் கேட்டது இந்தத் துறையின் மையக் கேள்வி. அந்த விசாரணையின் அதிகாரப்பூர்வப் பதிவேடு எதுவும் இன்று இல்லை. நமக்குக் கிடைப்பது ஒரு மனிதரின் நினைவு. டேனியல் டிரபியூ என்பவர் 1778-இல் பதினெட்டு வயது இளைஞராக, விசாரணை நடந்த லோகன் கோட்டையில் பணியில் இருந்தார். அவர் தம் வாழ்க்கைக் குறிப்பை எழுதியது 1827-இல். இடையே ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. ரிச்சர்ட் கேலவே, பெஞ்சமின் லோகன் ஆகிய இரு அதிகாரிகள் வழக்குத் தொடுத்தார்கள் என்பதும், உப்புக் காய்ச்சியவர்களைச் சரணடையச் செய்தது, அப்போது அமெரிக்கரோடு போரிட்டுக்கொண்டிருந்த பிரிட்டிஷாரோடு டிட்ராயிட்டில் பேரம் பேசியது, முற்றுகை நெருங்கும் வேளையில் ஆட்களை வெளியே அழைத்துப் போய்க் கோட்டையைப் பலவீனப்படுத்தியது, உடன்படிக்கை பேசுவதாகச் சொல்லி அதிகாரிகளைக் கோட்டைக்கு வெளியே கூட்டிச் சென்றது ஆகியவை குற்றச்சாட்டுகள் என்பதும், எதிரியை ஏமாற்றிக் காலம் கடத்தவே அவ்வாறு செய்ததாகப் பூன் வாதிட்டார் என்பதும், தீர்ப்புக்குப் பின்னும் வழக்குத் தொடுத்தவர்கள் மனநிறைவு அடையவில்லை என்பதும் நமக்கு டிரபியூ வழியாகவே வருகின்றன.

அப்படியானால் இதைக் கதை என்று ஒதுக்கிவிடலாமா என்றால், கூடாது என்பேன். நிகழ்வுக்குப் பக்கத்திலேயே எழுதப்பட்ட வேறு தாள்கள் அதைச் சுற்றி நிற்கின்றன. டிட்ராயிட்டிலிருந்த பிரிட்டிஷ் துணை ஆளுநர் ஹென்றி ஹாமில்டன் 1778-ஆம் ஆண்டிலேயே தம் மேலதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் பூன் பிடிபட்ட செய்தி வருகிறது. எதிரியின் கடிதத்துக்குப் பூனைப் புகழ வேண்டிய தேவை இல்லை அல்லவா? அதற்குப் பின் 1780-இல், அப்போது வர்ஜீனியாவின் பகுதியாக இருந்த கென்டக்கியின் ஃபயட் மாவட்டக் குடிப்படையில் அவர் லெப்டினன்ட் கர்னல் ஆனார். 1781-இல் வர்ஜீனியா சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். துரோகி என்று தீர்ப்பு வந்திருந்தால் இந்தப் படிகளில் ஒன்றையும் அவர் ஏறியிருக்க முடியாது. ஆகவே விடுதலையானார் என்பதை உறுதியாகவே சொல்லலாம். ஆனால் விசாரணையில் யார் என்ன பேசினார்கள் என்று மேடையில் வசனம் போலச் சொல்லுவது நியாயமில்லை.

பூன் தம் வாயால் என்ன சொன்னார் என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். 1784-இல் ஜான் ஃபில்சன் வெளியிட்ட கென்டக்கி பற்றிய நூலின் பின்னிணைப்பில் பூனின் தன்வரலாறு என்று ஒரு பகுதி உள்ளது. அது 'நான்' என்று தன்மையில் எழுதப்பட்டிருந்தாலும் நடை முழுக்கப் பள்ளி ஆசிரியரான ஃபில்சனுடையது. காட்டில் வளர்ந்த வேட்டைக்காரர் ரோமானியப் புலவர்களைப் போல இயற்கையை வருணிக்கிறார் என்றால் யார் நம்புவார்கள்? நிகழ்வுகளின் வரிசை மட்டும் பூன் சொன்னதாக இருக்கலாம். அந்த வரிசையிலும் படை விசாரணை ஒரு சொல்லாகக்கூட இல்லை. முற்றுகைக்குப் பின் குடும்பத்தைத் தேடி ஊர் திரும்பியது, மீண்டும் வந்தது ஆகியவற்றைச் சொன்னால் தனி நூலாகிவிடும் என்று கூறி அந்தக் காலத்தை அப்படியே தாண்டிப் போகிறது அந்தப் பகுதி. அந்த மௌனத்தை நான் ஒரு சான்றாகவே எடுத்துக்கொள்கிறேன். வெற்றி பெற்ற வழக்கானாலும் அது அவருக்குத் தழும்பாகவே இருந்திருக்க வேண்டும்.

இனி, இந்தத் தாள்கள் ஓரிடத்தில் சேர்ந்த கதை. லைமன் டிரேப்பர் (1815–1891) என்பவர் இளமையிலேயே எல்லைப்புற வீரர்களின் வரலாற்றைத் திரட்டும் பித்துப் பிடித்தவர். முதியவர்களையும் அவர்களின் பிள்ளைகளையும் ஊர் ஊராகத் தேடிப் போய்க் கேட்டதை எழுதிக்கொண்டார். போக முடியாத இடங்களுக்குக் கேள்விப் பட்டியலோடு கடிதம் அனுப்பினார். 1851-இல் மிசூரிக்குச் சென்று, பூனின் இளைய மகன் நேதனையும் மருமகள் ஆலிவையும் பல நாள் உட்கார்ந்து கேட்டு எழுதிய குறிப்புகளே பூனின் இல்வாழ்க்கை பற்றி நமக்கிருக்கும் சிறந்த ஆதாரம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: நேதன் பிறந்ததே 1781-இல். விசாரணையைப் பற்றி அவர் சொல்லக்கூடியது செவிவழிச் செய்தியாகத்தான் இருக்க முடியும். கென்டக்கி முதியவர்களிடம் 1840-களில் பேட்டி எடுத்த ஜான் ஷேன் என்ற பாதிரியாரின் குறிப்பேடுகளையும் அவர் இறந்தபின் டிரேப்பர் வாங்கிச் சேர்த்தார். இவை எல்லாம் இன்று மேடிசன் நகரிலுள்ள விஸ்கான்சின் வரலாற்றுக் கழகத்தில் ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவான தொகுதிகளாக உள்ளன. டிரபியூவின் கையெழுத்துப்படியும் அங்கேதான் இருக்கிறது. இத்தனையும் சேர்த்தவர் பூனின் வரலாற்றை எழுதத் தொடங்கி, முடிக்காமலே இறந்துபோனார்.

மறுமொழி: பழைய அளவையர், தைப்பிங்

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நான் நில அளவை வேலையில் காலம் கழித்தவன். ஆதலால் படைக் கதையை விட்டு அவருடைய அளவைத் தாள்களைப் பற்றிச் சொல்கிறேன். பூனின் கைப்பட எழுதியவற்றில் பெரும்பகுதி வீரக் கதை அல்ல. நில அளவைக் குறிப்பேடுகள், கணக்குச் சீட்டுகள், கடன் சீட்டுகள், வழக்குக்கான வாக்குமூலங்கள் ஆகியவையே. 1783 முதல் ஃபயட் மாவட்டத்தில் தாமஸ் மார்ஷலின் கீழ்த் துணை அளவையராக அவர் பணியாற்றினார். கேட்டது கேட்டபடி, ஒலிக்கு ஏற்ப எழுத்தைக் கூட்டி எழுதுவார். ஆனால் கையெழுத்து தெளிவானது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று இணையத்தில் சிலர் சொல்வதற்கு அந்தக் குறிப்பேடுகளே மறுப்பு. இன்னொரு செய்தி: தம் பெயரின் (Boone) கடைசியில் வரும் 'ஈ' (e) எழுத்தை அவர் விடுவதில்லை. கரடியைக் கொன்றதாக மரங்களில் செதுக்கப்பட்டுள்ள பல பெயர்களில் அந்த எழுத்து இல்லை; ஆகவே அவற்றை ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும்.

கென்டக்கியில் நிலம் வாங்கிய முறையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். வர்ஜீனியாவின் 1779-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முன்பே குடியேறியவருக்கு 400 ஏக்கரும், அதை ஒட்டி முன்னுரிமை விலையில் 1,000 ஏக்கரும் கிடைக்கும். முதலில் உரிமைச் சீட்டு வாங்க வேண்டும். பிறகு இன்ன இடம் என்று பதிய வேண்டும். பிறகு அளக்க வேண்டும். கடைசியில்தான் பட்டா வரும். அரசு முன்கூட்டி நிலத்தை அளந்து எல்லைக்கல் நடவில்லை. இந்த ஓடைமுனையில் உள்ள வெள்ளைக் கருவாலி மரம், அங்கிருந்து இத்தனைக் கோல் தொலைவில் இரண்டு மேப்பிள் மரங்கள் என்று எழுதிக்கொண்டு போவார்கள். மரம் விழுந்தால் எல்லையும் விழுந்தது. ஒரே நிலத்தின் மேல் மூன்று நான்கு பட்டாக்கள் கூரை ஓடுகள்போல ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. நம் நாட்டில் நிலப் பதிவேட்டில் யார் பெயர் ஏறியிருக்கிறதோ அவரே உரிமையாளர் என்னும் டோரன்ஸ் முறை இருப்பதால், இதன் கொடுமை நமக்கு உடனே விளங்காது.

பல்லாயிரம் ஏக்கருக்கு உரிமை கோரிய பூன், ஒவ்வொரு படியிலும் ஏதாவதொரு காகிதம் குறைந்து, ஒவ்வொன்றாக இழந்தார். 1780-இல் நிலச்சீட்டு வாங்கக் குடியேறிகள் நம்பிக் கொடுத்த ஏறத்தாழ 20,000 டாலரை எடுத்துக்கொண்டு வர்ஜீனியாவுக்குப் போகையில், வழியில் ஒரு விடுதியில் உறங்கும்போது அவ்வளவும் திருடுபோனது. சிலர் மன்னித்தார்கள்; மற்றவர்களுக்குப் பல ஆண்டுகள் திருப்பிக் கொடுத்தார். 1798-இல் ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வராததால் அவரைப் பிடிக்க ஆணை பிறந்தது. அதே ஆண்டில்தான் கென்டக்கி சட்டமன்றம் ஒரு மாவட்டத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. மறு ஆண்டு ஸ்பானிய ஆட்சியிலிருந்த மிசூரிக்குப் போய்விட்டார். அங்கே கிடைத்த நிலத்தையும், 1803-இல் அப்பகுதி அமெரிக்காவின் கைக்கு வந்தபின், ஸ்பானிய விதிப்படி ஆவணங்களை முழுமையாக்கவில்லை என்ற காரணத்தால் இழந்தார். 1814-இல் நாடாளுமன்றம் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. அதையும் விற்றுக் கென்டக்கிக் கடன்காரர்களுக்குக் கொடுத்தார். அவர் ஊரை விட்டுப் போனதற்குக் காரணம் பக்கத்து வீட்டுப் புகை கண்ணில் பட்டதுதான் என்பார்கள்; நான் அந்தக் குறிப்பேடுகளைப் பற்றிப் படித்த அளவில், அவரைத் துரத்தியது பக்கத்து நிலத்தின் பட்டா.

மறுமொழி: லயத்துப் பேத்தி, பீடோர்

ஐயா இருவரும் எழுதியது நன்றாக உள்ளது. ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். இந்த ஐந்நூறு தொகுதிகளில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் குடியேறிகளும் அவர்களின் வழிவந்தவர்களும்தாம். 1775-இல் சிகமோர் ஷோல்ஸ் என்ற இடத்தில் ரிச்சர்ட் ஹெண்டர்சன் என்ற நில வணிகர் கென்டக்கியைச் செரோக்கீ மக்களிடம் விலைக்கு வாங்கியதாகச் சொல்லப்படும் உடன்படிக்கையில், அங்கே வேட்டையாடி வந்த ஷானி மக்களுக்குப் பங்கே இல்லை. பின்னர் வர்ஜீனியாவே அதைச் செல்லாது என்றது. தத்தெடுத்த மகன் ஓடிப்போனபோது பிளாக்ஃபிஷ் என்ன நினைத்தார் என்பது, மகன் தரப்பினர் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. அதுபோலவே 1787-ஆம் ஆண்டு வரிப்பட்டியலில் பூனின் உடைமையாக ஏழு அடிமைகள் காட்டப்படுகிறார்கள். அவர்கள் தரப்புக் கதையைக் கேட்க டிரேப்பர் குதிரை ஏறவில்லை. பெயர் ஏட்டில் ஏறியதாலேயே ஓர் ஆள் ஏட்டில் இருப்பதாக ஆகிவிடாது என்பது உங்கள் கிராணித் தாத்தாவுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி: பால்மரத்து வாத்தியார், சுங்கை சிப்புட்

மூவருக்கும் என் நன்றி. நேற்று மாலை கிராணியாரின் வீட்டுக்கே போய், இங்கு வந்த மறுமொழிகளைப் படித்துக் காட்டினேன். டிரபியூவின் குறிப்பு ஐம்பது ஆண்டு கழித்து எழுதப்பட்டது என்றதும் முகம் சுளித்தார், ஹாமில்டனின் கடிதமும் பிந்தைய பதவிகளும் துணை நிற்கின்றன என்றதும், "அது சரி, நேர் ஏடு இல்லாவிட்டால் பக்கத்து ஏட்டைப் பார்ப்பதுதான் வழக்கம், செக்ரோல் கரையான் அரித்தபோது அரிசிக் கணக்கைப் பார்த்து ஆள் கணக்கை நான் சரிசெய்திருக்கிறேன்," என்றார். அரிசி வாங்கியவர்களில் பிள்ளைகளின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லாமல் இருந்ததையும் அவரே சொன்னார். பீடோர் தங்கைக்கு அதுவே பதில் என்று நினைக்கிறேன்.

புறப்படும்போது அவர் இன்னொரு கேள்வி கேட்டார். டிரேப்பர் குடும்பங்களிடம் வாங்கிப்போன தாள்களை எல்லாம் திருப்பிக் கொடுத்தாரா என்பதே அது.

மறுமொழி: ஈப்போ வரலாற்று வாசகர்

ஐயா, அதுவும் சரியான கேள்விதான். இரவலாகக் கொடுத்தோம், திரும்பி வரவில்லை என்று பல குடும்பத்தார் குறைபட்டிருக்கிறார்கள். அவை தமக்கு அன்பளிப்பாகத் தந்தவை என்பது டிரேப்பர் தரப்பு. அவர் கொண்டுபோகாமல் வீட்டுப் பரண்களில் தங்கிய தாள்களில் எத்தனை தீயிலும் ஈரத்திலும் தப்பியிருக்கும் என்பதையும் கிராணியாரிடம் கேளுங்கள். பூன் முதுமையில் சொல்லச் சொல்லப் பேரன் எழுதிய நினைவுக் குறிப்பு குடும்பத்தாரிடம்தான் இருந்தது. மிசூரி ஆற்றில் படகு கவிழ்ந்தபோது அது தண்ணீரோடு போயிற்று என்று அவர்களே டிரேப்பரிடம் சொல்லியிருக்கிறார்கள்.