தேக்கு மேசையை அறுக்க முடியாது, தோள்வலியும் போகவில்லை: முதலில் எதை மாற்றுவது?

மாடி ரூம் (காவேரிப்பட்டணம்):

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க ஏழு மணி ஆகிவிடுகிறது, மாதத்தில் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் நெருங்கினால் (மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறவர்களுக்குக் கடைசி நாட்கள்) சாப்பாடே கீபோர்டு பக்கத்தில்தான். கொஞ்ச நாளாக வலது தோள்பட்டை எலும்புக்கு உள்பக்கம் ஒரே இடத்தில் ஊசி குத்துகிற மாதிரி வலி, சாயங்காலம் ஆனால் கழுத்தும் இறுகிக்கொள்கிறது.

இப்போது இருப்பது: மாமனார் காலத்துத் தேக்கு மேசை, உயரம் சரியாக 30 இன்ச். சாப்பாட்டு மேசையின் மர நாற்காலி, 18 இன்ச், அதன் மேல் ஒரு தலையணை. 15.6 இன்ச் லேப்டாப் அப்படியே மேசை மேல். தனியாக ஒரு பெரிய கீபோர்டும் மவுஸும் வாங்கி வைத்திருக்கிறேன், ஆனால் லேப்டாப்புக்கு முன்னால் வைத்தால் திரை தூரமாகப் போய்விடுகிறது. என் உயரம் 5 அடி 1 இன்ச். மேசையின் காலை அறுப்பது என்ற பேச்சையே வீட்டில் எடுக்க முடியாது.

வீட்டுக்காரர் 20,000 ரூபாய்க்கு ஒரு கேமிங் நாற்காலியைக் காட்டி அதை வாங்கிவிடலாம் என்கிறார். என் கணக்கு 12,000-க்குள். நாற்காலி மாற்றினால் வலி போய்விடுமா, இல்லை வேறு எதையாவது முதலில் பார்க்க வேண்டுமா? ரூம் மொட்டை மாடிக்கு நேர் கீழே, மேற்குப் பார்த்த ஜன்னல், மதியம் மூன்று மணிக்கு மேல் திரையில் என் முகம்தான் தெரிகிறது.

பாலக்கோடு தக்காளி:

அக்கா, கேமிங் நாற்காலியை விடுங்கள். அது பின்னால் சாய்ந்து விளையாட உட்காருகிறவர்களுக்குச் செய்தது, நீங்கள் முன்னால் குனிந்து எண் அடிப்பவர். தலைக்கு ஒரு குட்டித் தலையணை தருவார்கள், டைப் அடிக்கும்போது உங்கள் தலை அதில் படவே படாது.

முதலில் டேப் எடுங்கள். காலைத் தரையில் முழுதாகப் பதித்து, தொடை தரைக்கு இணையாக இருக்கிற மாதிரி உட்காருங்கள், தோளைத் தளர விட்டு முழங்கையை இடுப்போடு மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரைக்கும் எத்தனை இன்ச் என்று யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். உங்கள் உயரத்துக்கு 24, 25 தான் வரும் என்று நினைக்கிறேன். கீபோர்டு இருக்க வேண்டிய உயரம் அதுதான். உங்கள் மேசை 30. மீதி ஐந்து இன்ச்சையும் நாள் முழுக்க உங்கள் தோள் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தலையணை போட்டு ஏறி உட்கார்ந்தால் கால் தொங்கும், தொடையின் அடிப்பக்கம் அழுந்தும், அப்புறம் கால் மரத்துப்போகும்.

மேசையை இறக்க முடியாதென்றால் ஆளை ஏற்ற வேண்டியதுதான். உயரம் மாற்றுகிற நாற்காலியை 21 இன்ச் வரை ஏற்றி, காலுக்கு அடியில் ஐந்து இன்ச்சில் ஒரு பலகை. லேப்டாப்பைத் தனியாகத் தூக்கி வைத்துக் கீபோர்டை வெளியே எடுங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு நேராக, இல்லாவிட்டால் கொஞ்சம் கீழே. செங்கல் ஒன்று மூன்று இன்ச் கனம், இரண்டை அடுக்கிப் பேப்பர் சுற்றி மேலே ஒரு பலகை போட்டால் ஏழு இன்ச் கிடைக்கும், ஸ்டாண்டு வாங்கும் காசு மிச்சம்.

பர்கூர் பையன்:

கிரானைட்டுக்குப் பேர்போன கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு மர மேசைக்கு ஏன் இத்தனை பாடு? கிரானைட் பட்டறையில் வெட்டி மிஞ்சிய துண்டுப் பலகை மலிவாகக் கிடைக்கும். வேண்டிய உயரத்தில் இரும்புக் கால் வெல்டிங் வைத்து மேலே போட்டுவிடுங்கள். ஆயுசுக்கும் ஆடாது.

இழைப்புளி (கிருஷ்ணகிரி):

ஆடாதுதான், நகர்த்தவும் முடியாது தம்பி. நாலுக்கு இரண்டு அடி, 18 எம்.எம். கனத்தில் ஒரு பலகையே 35 கிலோ வரும். பாலிஷ் போட்ட கல்லில் ஜன்னல் வெளிச்சம் அப்படியே கண்ணில் அடிக்கும், ஒயர் விட ஓட்டை போட வேண்டுமென்றால் திரும்பப் பட்டறைக்குத்தான் தூக்க வேண்டும். மார்கழிக் காலையில் மணிக்கட்டை அதன் மேல் வைத்துப் பாருங்கள். சமையல் மேடைக்குக் கல் நல்லது, எழுதுகிற கைக்கு மரம்தான்.

அம்மா, ஒன்று கேட்க வேண்டும். தேக்கு மேசையில் டிராயர் இருக்கிறதா? பலகைக்குக் கீழே சட்டம் எவ்வளவு இறங்குகிறது? அது தெரியாமல் நாற்காலியை ஏற்றச் சொல்வது சரியில்லை.

மாடி ரூம்:

அளந்துவிட்டேன். முழங்கை உயரம் 24 அரை இன்ச். முழங்காலுக்கு உள்பக்கம் தரையிலிருந்து 15 முக்கால். தக்காளித் தம்பி சொன்னது சரியாக வருகிறது.

மேசையில் டிராயர் இருக்கிறது சார், நீளமாக ஒன்று. அதன் அடிச்சட்டம் தரையிலிருந்து 24 அரை இன்ச்சில் இருக்கிறது. இன்று நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு 21 இன்ச் உயரத்துக்கு ஏறி உட்கார்ந்து பார்த்தேன், தொடை உள்ளே நுழையவே இல்லை.

இழைப்புளி:

அதைத்தான் நினைத்தேன். ஆளுக்குத் தொடை கனம் ஐந்து, ஐந்தரை இன்ச் இருக்கும். 21-ல் உட்கார்ந்தால் தொடையின் மேல்பக்கம் 26-ஐத் தாண்டிவிடும், 24 அரையில் சட்டம் இருந்தால் எப்படி நுழையும்? அந்தக் காலத்து மேசை பேனா பிடித்து எழுதச் செய்தது. டிராயரை உருவினாலும் முன்சட்டம் நிற்கும், அதை எடுத்தால் மேசை ஆட்டம் கொடுக்கும். மாமனார் மேசையில் கை வைக்க வேண்டாம்.

மேசையைச் சுவரோரம் விட்டுவிட்டு, அதற்குப் பக்கவாட்டில் எல் எழுத்து மாதிரி ஒரு சின்ன மேசை போடுங்கள். மூன்றரைக்கு இரண்டு அடி, 18 எம்.எம். பிளைவுட், மேலே மேட் மைக்கா, பளபளப்பு வேண்டாம். ஒன்றரை இன்ச் சதுர பைப்பில் கால். குறுக்குப் பைப்பைப் பின்பக்கமும் இரண்டு ஓரத்திலும் மட்டும் விடச் சொல்லுங்கள், முன்பக்கம் வந்தால் மறுபடி தொடை இடிக்கும். முன் விளிம்பை உருட்டி விட வேண்டும், கூர் முனையாக விட்டால் மணிக்கட்டின் கீழே கோடு விழும். ஃபைல், பிரிண்டர், டீ டம்ளர் எல்லாம் தேக்கு மேசையில் இருக்கட்டும்.

ஒசூர் ஷிஃப்ட்:

நாற்காலி பற்றி. பெங்களூரில் ஆபீஸ் காலி செய்யும்போது கழித்துவிடும் நாற்காலிகள் ஒசூர் வரைக்கும் வருகின்றன. புதிதாக ஐந்தாயிரத்துக்கு வாங்குவதைவிட பழைய நல்ல நாற்காலி அதே விலைக்குப் பல மடங்கு மேல், ஆனால் நேரில் போய் உட்காராமல் வாங்காதீர்கள். முழு உயரத்துக்கு ஏற்றி உட்கார்ந்து பேரம் பேசிக்கொண்டே பத்து நிமிஷம் இருங்கள், மெதுவாகக் கீழே இறங்கினால் உள்ளே இருக்கும் கேஸ் கம்பி போய்விட்டது என்று அர்த்தம். கம்பியை மாற்றலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். வலை முதுகு தொய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்ற ஆள் கிடைப்பது கஷ்டம், அதைத் தொடவே வேண்டாம்.

உங்கள் உயரத்துக்கு முக்கியம் இருக்கையின் ஆழம். முதுகு முழுதாகச் சாய்ந்திருக்கும்போது இருக்கை நுனிக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். ஆறடி ஆளுக்குச் செய்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்தால் ஒன்று முதுகு சாயாது, இல்லை முழங்கால் அழுந்தும். கைப்பிடி உயரம் மாறாத நாற்காலி என்றால் கைப்பிடியையே கழற்றிவிடுங்கள், நாலு போல்ட்தான். மேசையில் இடித்து உங்களை அரை அடி பின்னால் தள்ளுவதைவிட அது இல்லாமலிருப்பது நல்லது.

தருமபுரி பிசியோ:

வலி ஏன் வலது பக்கம் மட்டும் என்று யாரும் கேட்கவில்லையே. மேசை உயரம் மட்டும் காரணமென்றால் இரண்டு தோளும் சேர்ந்தே வலிக்கும். சகோதரி வைத்திருப்பது பெரிய கீபோர்டு என்கிறார், எண்கள் தனியாக வலது ஓரத்தில் இருக்கும், அதற்கும் அப்பால் மவுஸ். மவுஸைப் பிடிக்க ஒவ்வொரு முறையும் கை உடம்பை விட்டு வெளியே போய் அங்கேயே தொங்கலில் நிற்கிறது. கணக்கு வேலை என்பதால் எண் பட்டன்களும் வேண்டும், அதுதான் சிக்கல். இரண்டு வழி இருக்கிறது. எண் பகுதி இல்லாத சின்ன கீபோர்டு வாங்கி, எண்களுக்குத் தனியாக ஒரு சின்னப் பேட் வாங்கி இடது பக்கம் வைக்கலாம். செலவே வேண்டாமென்றால் மவுஸை இடது கைக்கு மாற்றுங்கள், ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு வலது கை எண்ணுக்கு, இடது கை மவுஸுக்கு என்று பழகிவிடும். கணக்குக்காரர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக. விரல் மரத்துப்போவது, வலி முழங்கையைத் தாண்டிக் கீழே இறங்குவது, பிடித்த டம்ளர் நழுவுவது, இதில் எது வந்தாலும் மேசை அளவு பேசிக்கொண்டிருக்காமல் எலும்பு டாக்டரைப் பாருங்கள். அரசு மருத்துவமனையிலேயே பிசியோ பிரிவு இருக்கிறது.

அப்புறம், எவ்வளவு நல்ல நாற்காலியாக இருந்தாலும் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருக்க வேண்டும். தண்ணீரை மேசை மேல் பெரிய பாட்டிலில் வைக்காமல் கீழே சமையலறையில் வைத்தால் தானாக நடப்பீர்கள். கண்ணுக்கு 20 நிமிஷத்துக்கு ஒரு முறை, 20 அடிக்கு அப்பால் இருக்கும் எதையாவது 20 விநாடி பாருங்கள்.

அரூர் பெரியவர்:

நாங்கள் மண்டியில் சாய்வு மேசையைத் தரையில் போட்டுச் சம்மணம் கட்டி உட்கார்ந்து பேரேடு எழுதினோம். தோள்வலி, நாற்காலி என்று யாரும் பேசியதில்லை. தரையில் உட்காருங்கள், எல்லாம் சரியாகும்.

தருமபுரி பிசியோ:

ஐயா, ஒரு மணி நேரம் மாற்றத்துக்குத் தரையில் உட்காருவது நல்லதுதான், அந்தச் சாய்வு மேசையும் அருமையான பொருள். ஆனால் நீங்கள் வியாபாரி வந்தால் எழுந்தீர்கள், மூட்டை நிறுக்க எழுந்தீர்கள். இவர் பத்து மணி நேரம் அசையாமல் இருக்கிறார், அத்தனை நேரம் சம்மணம் என்றால் முழங்கால் தாங்காது.

நாலு ரோடு நைட் ஷிஃப்ட் (தருமபுரி):

வெளிச்சத்தை விட்டுவிட்டீர்கள். ஜன்னல் உங்களுக்கு முன்னாலும் இருக்கக் கூடாது, பின்னாலும் கூடாது, தோளுக்குப் பக்கவாட்டில் வர வேண்டும். புது மேசையை எல் மாதிரி போடும்போதே அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள், திரையில் முகம் தெரிவது நின்றுவிடும். மேற்கு வெயிலுக்கு ஒரு மூங்கில் தட்டி ஜன்னலுக்கு வெளியே கட்டுங்கள். உள்ளே திரைச்சீலை போட்டால் வெயில் மறையும், ஆனால் சூடு அதற்குள் ரூமுக்குள் வந்திருக்கும்.

மேல்தளம் சித்திரையில் இரவு பத்து மணி வரை கொதிக்கும். மொட்டை மாடியில் வெள்ளை அடியுங்கள், சுண்ணாம்பு போதும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். நம் பக்கம் காற்று உலர்ந்தது என்பதால் ஏர் கூலர் நன்றாக வேலை செய்யும், ஆனால் ஒரு ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். மூடிய ரூமில் கூலர் ஓட்டினால் புழுங்கிச் சாவீர்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாளுக்கு 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி இன்வெர்ட்டர் இருந்தால் ஒரு ஃபேன், லேப்டாப், ரூட்டர் பகல் முழுக்க ஓடும். அது இல்லையென்றால் ரூட்டருக்கு மட்டும் குட்டி யுபிஎஸ் வாங்குங்கள், லேப்டாப் தன் பேட்டரியில் ஓடிக்கொள்ளும். வாங்குவதற்கு முன் ரூட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று படித்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று, இரும்புக் கால் மேசை என்கிறீர்கள். லேப்டாப்பைத் தொட்டால் சுர்ரென்று இருந்தால் எர்த் சரியில்லை. நம் ஊர் பாறை நிலம், கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும், உப்பும் கரியும் போட்டு அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். எலக்ட்ரீஷியனை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

மாடி ரூம்:

எல்லோருக்கும் நன்றி. மவுஸை இன்றைக்கே இடது பக்கம் மாற்றிவிட்டேன், ஒரு பில்லை அடிக்க இரண்டு மடங்கு நேரம் ஆகிறது, ஆனால் தோளில் வித்தியாசம் தெரிகிறது. செங்கல் மேல் லேப்டாப்பும் ஏறிவிட்டது, மாமியார் பூஜைக்கா என்று கேட்கிறார்.

இழைப்புளி சார், நாளைக்கே வெல்டிங் பட்டறைக்குச் சொல்லிவிடலாமா? உயரம் 24 அரை என்று கொடுத்தால் சரிதானே?

இழைப்புளி:

அவசரப்பட வேண்டாம் அம்மா. முதலில் நாற்காலி வரட்டும். இங்கே விற்கும் சுழல் நாற்காலி பெரும்பாலும் 17, 17 அரைக்குக் கீழே இறங்காது, உங்களுக்கு வேண்டியது 15 முக்கால். அந்த வித்தியாசத்துக்கு வீட்டில் இருக்கும் மணையைக் காலுக்கடியில் போட்டால் போதும், இரண்டு இன்ச் உயரம் இருக்கும். ஆனால் ஆள் ஏறினால் முழங்கையும் ஏறும், மேசை 26 ஆகிவிடும். நாற்காலியில் மணையோடு உட்கார்ந்து மறுபடி முழங்கையை அளந்து, கீபோர்டின் கனத்துக்கு அரை இன்ச் கழித்து, அந்த அளவைக் கொடுங்கள். அது பலகையின் மேல்மட்டம் என்று பட்டறைக்காரரிடம் தெளிவாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இரும்பை மட்டும் அந்த உயரத்துக்கு வெட்டி அதன் மேல் முக்கால் இன்ச் பலகை வைத்துக் கொடுத்துவிடுவார்கள். காலுக்கு அடியில் திருகி ஏற்றி இறக்கும் புஷ் வைக்கச் சொல்லுங்கள், மாடி ரூம் தரை எங்கேயும் மட்டமாக இருக்காது.

ஒசூர் ஷிஃப்ட்:

ஞாயிறு காலையில் ஒசூர் வந்தால் பழைய நாற்காலிக் கடையில் கூட்டம் இருக்காது. டேப்பைக் கையோடு கொண்டு வாருங்கள், மணையையும் பையில் போட்டுக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது.