சித்தி மவன் மார்மன் மிஷனரியா பிலிப்பைன்ஸ் போறான், ஆச்சிக்கு தூக்கமே இல்ல

பாளைப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். எங்க சித்தி குடும்பம் ஆஸ்திரேலியாவுல செட்டில் ஆனவங்க, அங்கயே மார்மன் சபையில, அதான் அமெரிக்காவுல ஆரம்பிச்ச ஒரு சபை, அதுல சேந்துட்டாங்க. தம்பிக்கு 19 வயசு, இப்ப காலேஜை நிப்பாட்டிட்டு ரெண்டு வருசம் ஊழியத்துக்கு போறானாம், செபுன்னு ஒரு ஊரு. சித்தி சந்தோசமாத்தான் இருக்கா, இங்க பாளையங்கோட்டையில ஆச்சிதான் "சோறு யாரு போடுவா, காய்ச்சல்னா யாரு பாப்பா"ன்னு ராத்திரி பூரா பொலம்புதா. சித்திகிட்ட கேட்டா ஆண்டவர் பாத்துக்கிடுவாருன்னு முடிச்சிருதா. அங்க ஒரு நாள் பொழுது எப்படி போவும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்களேன். சபை சரியா தப்பாங்கிற சண்டை மட்டும் வேண்டாம்.

அம்பை_பேரன்:
அக்கா, நானும் அதே சபைக்கு பெங்களூரு மிஷன்ல ஊழியம் பண்ணிட்டு வந்தவன், அம்மா ஊரு அம்பாசமுத்திரம். ஆச்சிகிட்ட மொதல்ல சொல்லுங்க, தம்பி ஒரு நிமிசம் கூட தனியா இருக்க மாட்டான். கம்பானியன்னு ஒருத்தர் கூடவே இருப்பாரு, பாத்ரூம் தவிர எல்லா இடத்துக்கும் ரெண்டு பேரும் சேந்துதான். கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா எனக்கு பசி வெயிலைவிட அதுதான் கஷ்டமா இருந்துச்சு, ஒத்து வராத ஆளு கூட சண்டை போட்டாலும் கதவை சாத்திட்டு வெளிய போக முடியாதுல்ல, அந்த முகத்தையே பாத்துக்கிட்டு சாப்பிடணும். ஆறு வாரத்துக்கு ஒருக்க ட்ரான்ஸ்ஃபர் வரும், அதுல ஆளு மாறினா உண்டு.

காலையில 6:30க்கு எந்திரிக்கணும், எக்சர்சைஸ், வேத படிப்பு, பாஷை படிப்பு, அப்புறம் ராத்திரி வரைக்கும் ஊர் சுத்தல்தான், 10:30க்கு லைட் ஆஃப். வீடு வீடா கதவு தட்டுறது இப்ப கொறைவு, ஃபேஸ்புக்லயும் சபை ஆளுங்க சொல்ற வீடுகள்லயும்தான் பாதி வேலை. யாராவது வீடு மாத்துனா சாமான் தூக்குறது, ஓசியில இங்கிலீஷ் கிளாஸ் எடுக்கிறது, இதெல்லாம் உண்டு. சோறு அவங்களே பொங்கிக்கிடணும். துணி தொவைக்க, கடைக்கு போக வாரத்துல ஒரு நாள், பெரும்பாலும் திங்கக்கிழமை. அன்னைக்கு வெள்ளை சட்டை காலரை பிரஷ் போட்டு தேய்ச்சே கை செவந்துரும், வேர்வைக் கறை அவ்வளவு லேசுல போவாது.

இன்னொண்ணு, நெஞ்சுல கறுப்பு பேட்ஜ்ல "எல்டர்"னு (ஆம்பளை மிஷனரிய அப்படித்தான் கூப்பிடுவாங்க) போட்டு கடைசிப் பேர்தான் இருக்கும். நமக்கு அது அப்பா பேருல்லா. ரெண்டு வருசம் ஊரே தம்பிய சித்தப்பா பேர் சொல்லித்தான் கூப்பிடும் 😄

மேலப்பாளையம்_டீமாஸ்டர்:
டீ காபி குடிக்கப்படாதுன்னு சொல்லுதாவளே நெசமாவே? நம்மூருல ஒரு வீட்டுக்குப் போயி டீ வேண்டாம்னா மூஞ்சி சுளிச்சிருவாவளே

அம்பை_பேரன்:
நெசம்தான் அண்ணாச்சி, ரெண்டும் கிடையாது. காபித்தூள் போடாத சுக்கு வெந்நி ஓகே 🙂

நாசரேத்துக்காரன்:
நான் சிஎஸ்ஐ, அவங்க உபதேசம் எனக்கு ஒத்துக்கிடாது, அத விடுங்க. ஆனா பிள்ளைங்க ஊர் விட்டு ஊர் போறது நமக்கு புதுசா? 1903ல திருநெல்வேலியில ஆரம்பிச்ச இந்திய மிஷனரி சங்கம் நம்ம ஆளுங்கள தெலுங்கு நாட்டுல தோர்ணக்கல்லுக்கு அனுப்புச்சு, அத ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான வெள்ளாளன்விளை அசரியாவே 1912ல அங்க பிஷப் ஆனாரு. அந்தக் காலத்து ஆச்சிமாருக்கு வாட்ஸப்பா இருந்துச்சு, கடுதாசிதான்.

பாளைப்பொண்ணு:
ரொம்ப தேங்க்ஸ் அம்பை தம்பி, ஆச்சிகிட்ட வாசிச்சுக் காட்டினேன், கொஞ்சம் சிரிச்சா. இப்ப அடுத்த கேள்வி, போன் பேசலாமா, பருப்புப் பொடி அனுப்பலாமான்னு கேக்கா.

அம்பை_பேரன்:
பேசலாம்க்கா. முன்னெல்லாம் கிறிஸ்மஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் கால், 2019ல இருந்து வாராவாரம் வீட்டோட பேச விடுதாங்க, வீடியோ காலும் உண்டு. துணி தொவைக்கிற அந்த லீவு நாள்லதான் பேசுவான், அங்க மதியம் ரெண்டுன்னா நமக்கு காலையில 11:30, சித்தி கால் போடும்போது ஆச்சியையும் சேத்துக்கிட சொல்லுங்க. நடுவுல லீவுக்கு ஊருக்கு வர்ற வழக்கம் கிடையாது, அத ஆச்சிகிட்ட இப்பவே சொல்லிருங்க, அப்புறமா தெரிஞ்சா இன்னும் அழுவா. காய்ச்சல்னா மிஷன் தலைவரோட வீட்டம்மாதான் வழக்கமா பாத்துக்கிடுவாங்க, போன் போட்டா டாக்டர் ஏற்பாடு ஆயிரும்.

பொடி நல்ல ஐடியா, அங்கயும் மூணு வேளையும் சோறுதான். பார்சலை வீட்டு அட்ரஸுக்கு போடாதீங்க, போய் சேருறதுக்குள்ள ட்ரான்ஸ்ஃபர் ஆயிருவான், மிஷன் ஆபீஸ் அட்ரஸ் சித்திகிட்ட இருக்கும். எண்ணெய் கலக்காம ரெண்டு கவர் போட்டு ஒட்டுங்க.