மழைக்கு முன் பறித்த தக்காளிக்காயில் தொக்கு

சென்னையில் மாடித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு வடகிழக்குப் பருவமழை, தக்காளியைப் பொறுத்தவரை, சோதனையான காலம். ஆடியில் விதைத்த செடிகள் ஐப்பசியில் கொத்துக் கொத்தாகக் காய்த்து நிற்கும் வேளையில் புயல் அறிவிப்பு வந்துவிடுகிறது. அடைமழையில் விட்டுவைத்தால் பழம் வெடிக்கும், காய் அழுகும். ஆகவே அறிவிப்பு வந்தவுடன் எல்லாவற்றையும் பறித்துத் தொக்காக்குவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

இதில் பக்குவத்தைவிடத் தரம் பிரிப்பதே முக்கியம் என்பது என் அனுபவம். ஒரு காயைக் குறுக்கே நறுக்கும்போது, விதைகள் கத்தியில் சிக்காமல் வழுவழுப்பான கூழுக்குள் நழுவினால் அது முற்றியது. விதைகளும் சேர்ந்து வெட்டுப்பட்டால் அது பிஞ்சு. லேசாகச் சிவப்பு ஏறியவற்றை வாழைப்பழத்துடன் காகிதப் பையில் வைத்தால், அப்பழம் வெளியிடும் எத்திலீன் வாயுவால் விரைவில் பழுத்துவிடும். அவற்றைத் தொக்கில் வீணாக்க வேண்டாம். பச்சையாகவே இருக்கும் முற்றிய காய்கள்தான் இதற்கு உரியவை. சிறு பிஞ்சுகளில் டொமாட்டின் என்னும் கசப்புப் பொருள் மிகுதி என்பதால் அவற்றையும், பழுப்புத் திட்டு விழுந்த காய்களையும் நான் சேர்ப்பதில்லை.

ஒரு கிலோ காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நறுக்கி, 75 கிராம் கல்லுப்பும் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளும் பிசறி இரவு முழுவதும் மூடி வைக்க வேண்டும். காலையில் துண்டுகளைப் பிழிந்தெடுத்து, ஊறிய நீரிலேயே எலுமிச்சை அளவு புளியைக் கரைத்துக் கொதிக்கவிட்டால், வேறு தண்ணீரே தேவைப்படாது. அடி கனமான எவர்சில்வர் பாத்திரத்தில் 200 மில்லி நல்லெண்ணெயைக் காயவைத்து, கடுகு தாளித்து, துண்டுகளை வதக்கி, புளிக்கரைசலும் 60 கிராம் மிளகாய்த்தூளும் சேர்த்து, எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை சிறு தீயில் கிளற வேண்டும். புளிப்பு அரிக்கும் என்பதால் அலுமினியம் கூடாது. இறக்கும்போது வறுத்துப் பொடித்த வெந்தயம், பெருங்காயம், சிறு துண்டு வெல்லம்.

நன்கு ஆறியபின் உலர்ந்த கண்ணாடி ஜாடியில் நிரப்பி, மேலே எண்ணெய் நிற்கிறதா என்று பார்த்து மூடுகிறேன். பழத்தில் செய்யும் தொக்கு இனிப்போடு குழைந்துவிடும்; காயில் செய்தது துண்டு துண்டாகப் பல்லில் படும், புளிப்பும் கூர்மையாக இருக்கும். மழைக்கால இரவுகளில் சூடான இட்லிக்கு எங்கள் வீட்டில் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். பிஞ்சையும் சேர்த்துக் கசப்பில்லாமல் செய்தவர்கள் இருந்தால், கசப்பை நீக்கிய முறையை அன்புகூர்ந்து எழுதுங்கள்.