ராக்கெட் ஸ்டிரிங்: நைலானிலிருந்து பாலியெஸ்டருக்குப் போனவர்களும் திரும்பி வந்தவர்களும்

தொடக்கப் பதிவு

நான் டென்னிஸ் ஆடத் தொடங்கிய நாட்களில் ராக்கெட்டில் என்ன ஸ்டிரிங் இருக்கிறது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. அறுந்தால் மாற்றுவோம், கட்டுபவரிடம் எந்த நைலான் சுருள் இருக்கிறதோ அதுவே எங்களுடையது. மாட்டுக் குடலின் மெல்லிய படலத்தை நாடாக்களாகக் கிழித்து முறுக்கிச் செய்யும் இயற்கை நரம்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தோமே தவிர, அதைத் தொட்டுப் பார்த்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. 1875-இல் பிரான்சின் லியோன் நகரில் பாபோலா குடும்பம் டென்னிசுக்கென்று செய்யத் தொடங்கிய அந்த நரம்பை, பீட் சாம்ப்ராஸ் 70 பவுண்டுக்கும் மேற்பட்ட இழுவிசையில் கட்டி ஆடியது எங்களுக்கு வேறோர் உலகத்துச் செய்தி.

நிலைமையை மாற்றியது 1997. தரவரிசையில் 66-ஆம் இடத்தில் இருந்த குஸ்டாவோ குயெர்டன் பிரெஞ்சு ஓப்பனை வென்றபோது அவருடைய ராக்கெட்டில் இருந்தது பெல்ஜியத்தின் லக்சிலான் பாலியெஸ்டர். அதன் பிறகு ஒவ்வொருவராக அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து நானும் சாய்ந்தேன். முதல் வாரத்தில் நான் கண்டதை மறைக்க வேண்டியதில்லை: முழு வீச்சில் அடித்தால் கோட்டுக்கு வெளியே போய்க்கொண்டிருந்த பந்து, கடைசி நொடியில் தலை குனிந்து உள்ளே விழுந்தது. வழுவழுப்பான பாலியெஸ்டரில் நெடுக்கு இழைகள் பந்தோடு பக்கவாட்டில் நகர்ந்து, பந்து கிளம்பும் முன்பே சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பும்போது கூடுதல் சுழற்சியைக் கொடுக்கின்றன என்பதைப் பின்னாளில்தான் அறிந்துகொண்டேன்.

ஆனால் நைலானுக்குப் பழகிய அதே 60 பவுண்டில், அதைவிட விறைப்பான பாலியெஸ்டரையும் கட்டச் சொன்னது என் பிழை. அதைவிடப் பெரிய பிழை, அறுகிறவரை ஆடலாம் என்று நினைத்தது. பாலியெஸ்டர் எளிதில் அறுவதில்லை. ஆனால் சில வாரங்களிலேயே இழுவிசையை இழந்து, விறைப்பு மட்டும் மிஞ்சிய உயிரற்ற கம்பியாகிவிடுகிறது. அப்படிப்பட்ட ஸ்டிரிங்கோடு ஏழு மாதங்கள் ஆடிய பிறகு, காலையில் தண்ணீர்ச் செம்பைத் தூக்கினாலே முழங்கையின் வெளிப்புறம் சுரீரென்று இழுத்தது. என் ஆட்ட முறையின் கோளாறுக்கும் அதில் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இப்போது நூற்றுக்கணக்கான நைலான் நுண்ணிழைகளைச் சேர்த்துச் செய்த மல்டிஃபிலமென்ட்டை 53 பவுண்டில் கட்டிக்கொள்கிறேன். பந்தின் சுழற்சி குறைந்துவிட்டது. கை நலமாக இருக்கிறது.

மறுமொழி 1

நான் சுழற்சி, மென்மை இரண்டையும் விட மனமில்லாமல் கலப்பு முறைக்குப் போனவன். ரோஜர் பெடரர் செய்ததுபோல, நெசவில் பாவும் ஊடும் வெவ்வேறு நூலாக இருப்பதைப் போன்று, நெடுக்கில் இயற்கை நரம்பும் குறுக்கில் பாலியெஸ்டரும் கட்டச் சொன்னேன். பந்தைத் தொடும்போது கிடைத்த அந்த மென்மையை வேறெதிலும் நான் உணர்ந்ததில்லை. ஆயினும் ஒரு நாள் தூறலில் விடாப்பிடியாக ஆடியதில் இயற்கை நரம்பு ஈரம் குடித்து, ஓரங்களில் நார் நாராகப் பிரிந்துவிட்டது. இப்போது வானத்தைப் பார்த்துவிட்டே அந்த ராக்கெட்டைப் பையிலிருந்து எடுக்கிறேன்.

மறுமொழி 2

பல ஆண்டுகளாக ஸ்டிரிங் கட்டிவருபவன் என்ற முறையில் இந்த மாற்றத்தை இயந்திரத்தின் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன். முன்பு 60 பவுண்டுக்குக் குறைத்துக் கட்டினால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். இன்று 50-க்கும் கீழே கேட்பவர்கள் பலர். 1.30 மில்லிமீட்டர் தடிமன் கேட்டவர்கள் 1.25-க்கு இறங்கிவிட்டார்கள். சுழற்சியின் மீதான மோகம் ஒன்றும் புதிதன்று: 1977-இல் இரட்டை அடுக்காகக் கட்டிய ‘ஸ்பகெட்டி’ ராக்கெட்டோடு இலி நஸ்டாசே ஆடியபோது, களிமண் தரையில் தொடர்ந்து 53 ஆட்டங்களை வென்றிருந்த கில்லெர்மோ விலாஸ் வெறுத்துப்போய் இறுதி ஆட்டத்தின் நடுவிலேயே விலகினார், விரைவிலேயே அந்த அமைப்புக்குத் தடை வந்தது. பாலியெஸ்டரோ விதிக்கு உட்பட்டே அந்த ஆசையைத் தீர்த்துவைக்கிறது.

வருபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கடைசியாக எப்போது ஸ்டிரிங்கை அறுத்தீர்கள்? நினைவில்லை என்பவருக்குப் பாலியெஸ்டர் தேவையில்லை என்பது என் கருத்து. இழைகளை நகர்த்தும் அளவுக்கு வேகமான வீச்சு இல்லாதவருக்கு அதன் பயன் கிடைப்பதில்லை; அதிர்ச்சி மட்டும் கையில் இறங்குகிறது. அண்மையில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் நடாலின் கறுப்புப் பாலியெஸ்டரான ஆர்பிஎம் பிளாஸ்ட்தான் வேண்டும் என்று அடம்பிடித்தான். முழங்கையைப் பற்றியும் வீச்சின் வேகத்தைப் பற்றியும் அரை மணி நேரம் விளக்கி, மென்மையான நைலானைப் பரிந்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவன், கடைசியில் அது கறுப்பு நிறத்தில் கிடைக்குமா என்று மட்டும் கேட்டான். கிடைத்தது, கட்டிக் கொடுத்தேன்.