மத்தேயு 18-ஐ வாசித்த பிறகு புரோநோட்டைப் புதுப்பிக்கச் சொல்லலாமா?

கேள்வி: ஆற்றங்கரைச் சபையார்

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். எங்கள் சபையின் புதன்கிழமை வேதபாடத்தில் சென்ற மாதம் முழுவதும் மத்தேயு 18-ஆம் அதிகாரத்தைத் தியானித்தோம். அதிகாரத்தின் பொருள் எனக்கு ஓரளவு விளங்குகிறது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வது என்பதுதான் விளங்கவில்லை.

என் சித்தப்பா மகன், பந்தல் மற்றும் நாற்காலி வாடகைக் கடை வைப்பதற்காக 2,40,000 ரூபாய் கேட்டான். கையில் ரொக்கம் இல்லாததால் என் மனைவியின் வளையல்களை அடகு வைத்துக் கொடுத்தேன். ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பின் குறுக்கே கையெழுத்திட்டுப் புரோநோட்டும் எழுதிக் கொடுத்தான். எட்டு மாதம் வட்டி வந்தது, பிறகு நின்றுவிட்டது. ஆராதனையில் எனக்கு இரண்டு வரிசை முன்னால்தான் உட்காருகிறான். ஆசீர்வாதம் கூறி முடிந்ததும் பக்கவாசல் வழியாகப் போய்விடுகிறான். சபையில் ஐந்தாறு பெரியவர்களிடம் சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த மாதத்தோடு அந்தப் புரோநோட்டுக்கு மூன்று ஆண்டு முடிகிறது. அதற்குள் புதுப்பிக்காவிட்டால் அதை வைத்து வழக்குப் போட முடியாது. "ஏழெழுபதுதரமட்டும்" மன்னிக்கச் சொன்ன ஆண்டவரின் வசனத்தை வாசித்துவிட்டு, "தம்பி, இதில் மறுபடி ஒரு கையெழுத்துப் போடு" என்று கேட்பது எப்படி என்று தெரியாமல் தவிக்கிறேன். இரண்டு முறை திருவிருந்துக்குப் போகாமல் இருக்கையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடனை விட்டுவிடலாம் என்று வீட்டில் சொன்னபோது என் மனைவி, "மன்னிக்கிறது நீங்கள்; அடகில் இருக்கிறது என் வளையல்" என்றாள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

பதில்: ஓய்வுபெற்ற வேதபாட ஆசிரியர்

சகோதரருக்கு ஸ்தோத்திரம். உங்கள் கேள்வியைப் படித்ததும் முதலில் என் கண்ணில் பட்டது அந்த ஐந்தாறு பெரியவர்கள்தான். 15-ஆம் வசனம், உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்த சகோதரனிடத்தில் போய், "நீயும் அவனும் தனித்திருக்கையில்" அதை உணர்த்து என்கிறது. அது கேட்கப்படாமல் போனால்தான் இரண்டொருவர், அதுவும் பலிக்காவிட்டால்தான் சபை. நம் ஊர்களில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகவே நடக்கிறது. விஷயம் முதலில் சபைக்குத் தெரிகிறது, பிறகு சொந்தக்காரர்களுக்குத் தெரிகிறது, சம்பந்தப்பட்டவனுக்குக் கடைசியாகத் தெரிகிறது. உங்கள் தம்பி பக்கவாசலைத் தேடுவதற்குக் கடன் மட்டும்தான் காரணமா என்பதை யோசித்துப் பாருங்கள்.

இனி உவமைக்கு வருகிறேன். ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்டு மன்னிக்கப்பட்ட ஒரு ஊழியக்காரன், தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்ட உடன் ஊழியக்காரனை மன்னிக்க மறுத்த கதை அது. ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. அப்படியானால் பதினாயிரம் தாலந்து என்பது ஆறு கோடி நாட்கூலி. ஓய்வுநாளும் எடுக்காமல் உழைத்தாலும் 1,64,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஏரோது அந்திப்பாவுக்குக் கலிலேயாவிலிருந்தும் பெரேயாவிலிருந்தும் ஆண்டுதோறும் கிடைத்த வருமானம் 200 தாலந்து என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதுகிறார். கப்பர்நகூமில் இந்தக் கதையைக் கேட்ட சீஷர்களின் காதில், தங்கள் தேசாதிபதியின் ஐம்பது ஆண்டு வருமானத்தை ஒரே ஊழியக்காரன் கடன்பட்டிருக்கிறான் என்று அது விழுந்திருக்கும்.

பிரசங்கங்களில் இந்த ஒப்பீட்டைச் சொல்லி, மற்றவனின் நூறு வெள்ளிப்பணத்தை அற்பம் என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாட்கூலியை 800 ரூபாய் என்று வைத்தாலும் அது 80,000 ரூபாய். கூலிக்காரன் வீட்டில் அது அற்பமல்ல. உங்களுக்கு நேர்ந்த நஷ்டம் சிறியது என்று ஆண்டவர் சொல்லவில்லை. உங்களுக்கு ஏற்கெனவே மன்னிக்கப்பட்டது அதைவிட ஆறு லட்சம் மடங்கு பெரியது என்று மட்டும் சொல்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 26-ஆம் வசனத்தில் முதல் ஊழியக்காரனும் 29-ஆம் வசனத்தில் இரண்டாமவனும் ஏறக்குறைய ஒரே வார்த்தைகளைத்தான் சொல்கிறார்கள்: "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்." இருவரும் கேட்டது தவணை, கடனைத் தள்ளுபடி செய்யும்படி யாரும் கேட்கவில்லை. ராஜா கேட்டதற்கும் மேலாகக் கொடுத்தார். முதல் ஊழியக்காரனோ கேட்ட தவணையைக்கூடக் கொடுக்காமல் உடன் ஊழியக்காரனின் தொண்டையை நெரித்தான். புரோநோட்டைப் புதுப்பிப்பது என்றால் என்ன? இன்னும் மூன்று ஆண்டு பொறுத்திருப்பேன் என்று எழுத்தில் ஒப்புக்கொள்வதுதானே? நெரிக்காமல் தவணை கொடுப்பதற்கு உங்கள் கையில் இருக்கும் வழி அதுவே என்று நான் நினைக்கிறேன். ராஜாவும் கணக்குப் பார்த்த பிறகுதான் மன்னித்தார் என்பதை 23-ஆம் வசனம் சொல்கிறது.

பதில்: முன்னாள் சேகரப் பொருளாளர்

ஐயா அவர்களின் விளக்கத்தை ஏற்கிறேன்; ஆனாலும் ஒரு எச்சரிக்கை. புதுப்பிக்கப்பட்ட புரோநோட்டு நாளைக்கு வக்கீல் நோட்டீஸாக மாறக்கூடியது. சகோதரனோடு சகோதரன் அவிசுவாசிகளுக்கு முன்பாக வழக்காடுவதைப் பவுல் 1 கொரிந்தியர் 6-இல் கண்டிக்கிறார். அநியாயத்தைச் சகித்துக்கொள்ளலாகாதா என்றும் கேட்கிறார். ஆகவே வழக்குக்குப் போவதில்லை என்பதை இப்போதே உங்கள் மனதில் தீர்மானித்துவிட்டுக் கையெழுத்துக் கேளுங்கள்.

அதே பவுல் பிலேமோனுக்கு எழுதியபோது, அவருடைய அடிமையான ஒநேசிமு பட்ட கடனைத் தன் கணக்கில் வைத்துக்கொள்ளச் சொல்லி, நான் செலுத்தித் தீர்ப்பேன் என்று தன் சொந்தக் கையாலேயே எழுதிக் கொடுத்தார். ஒருவகையில் அதுவும் ஒரு புரோநோட்டுதான். அன்பு இருக்கும் இடத்தில் எழுத்து இருக்கக்கூடாது என்று அவர் நினைக்கவில்லை.

பதில்: ஒரு சகோதரி

இரண்டு பதில்களிலும் அந்த வளையல்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

உவமையில் மன்னித்த ராஜா தன் சொந்தக் கஜானாவிலிருந்து மன்னித்தார். வேறொருவருடைய பணப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் மனம் இரங்கவில்லை. நீங்கள் கடனை விட்டுவிட்டால் அதன் பாரம் உங்கள் மனைவியின் கையில் விழுகிறது. அடகு வட்டி மாதாமாதம் ஏறிக்கொண்டிருக்கும்போது நீங்கள் சபையில் தாராளமானவராக இருப்பீர்கள். மன்னிக்கும் உரிமை முதலில் அந்தச் சகோதரிக்கு இருக்கிறது. ஆகவே முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் மறுத்தால் அதை விசுவாசக் குறைவு என்று சொல்லாதீர்கள். நகையை எப்படியாவது மீட்டுக் கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் தள்ளுபடி செய்வது உண்மையாகவே உங்களுடையதாக இருக்கும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மன்னிப்பைப் பற்றிய பிரசங்கம் முடிந்ததும் பல வீடுகளில் பெண்களின் பக்கம்தான் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். சிறியவர்களுக்கு இடறல் உண்டாக்குகிறவனின் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டுவதைப் பற்றி இதே அதிகாரத்தின் தொடக்கப் பகுதியில்தான் சொல்லியிருக்கிறது என்பது அப்போது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. மூலமொழியில் அது கழுதை சுற்றி இழுக்கும் பெரிய கல். கையால் திருகும் கல் அல்ல.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

எல்லாருக்கும் நன்றி. வேதபாட ஆசிரியர் எழுதியதைப் படித்த இரவே, நான் யாரிடமெல்லாம் சொன்னேன் என்று எண்ணிப் பார்த்தேன். ஐந்தாறு அல்ல, ஒன்பது பேர். தம்பியிடம் நேரில் பேசியது ஒரு தடவைகூட இல்லை. இரண்டு முறை வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியதோடு சரி. முதலில் அதற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டியவன் நான் என்று அப்போதுதான் தோன்றியது.

மனைவியிடம் கேட்டேன். பணத்தை விட்டுவிட அவளுக்குச் சம்மதமில்லை. புதுப்பித்துத் தவணை கொடுக்கச் சம்மதம். வட்டி வேண்டாம், அசல் மட்டும் வந்தால் போதும் என்பதையும் அவளே சொன்னாள்.

சனிக்கிழமை மாலை கடைக்கே போனேன். பிளாஸ்டிக் நாற்காலிகள் கூரை வரை அடுக்கியபடியே இருந்தன. ஒன்றும் வாடகைக்குப் போகவில்லை. என்னைக் கண்டதும் எழுந்து நின்றவன் உட்காரவேயில்லை. சபையில் ஒன்பது பேரிடம் சொன்னதற்காக வருந்துகிறேன் என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு கல்லாவைத் திறந்து, இருந்ததில் 3,000 ரூபாயை எண்ணி வைத்து, நான் கேட்பதற்கு முன்பே, "அண்ணே, நோட்டைக் கொண்டுவந்திருக்கிறீர்களா?" என்று கேட்டான். பின்பக்கத்தில் வரவு என்று தேதியோடு எழுதி, தன் கையெழுத்தையும் போட்டுப் புதுப்பித்துக் கொடுத்தான்.

நேற்றைய ஆராதனையிலும் அவன் பக்கவாசல் வழியாகத்தான் போனான். ஆனால் வாசலில் ஒரு நிமிஷம் நின்று என் மனைவியிடம் பேசிவிட்டுப் போனான். என்ன பேசினான் என்று அவள் இன்னும் சொல்லவில்லை. இந்த ஞாயிறு திருவிருந்து இருக்கிறது.