கையேடு சொல்வதைவிடப் புல்லட் வேகம் கூடக் காட்டுகிறது, தோட்டா நிரப்பியது தப்பா?

புதுக்கை:
வணக்கம். டெக்சஸில் ஒரு வருடமாக ரீலோடிங் (காலி உறையில் மறுபடி வெடிமருந்தும் புல்லட்டும் வைத்துத் தோட்டா செய்வது) பழகுகிறேன். .308 வின்செஸ்டர் ரகத் தோட்டா, 20 அங்குலப் பேரல் (துப்பாக்கிக் குழல்), 168 கிரெய்ன் (சுமார் 11 கிராம்) புல்லட். கையேட்டில் தொடக்க அளவு என்று போட்டிருந்த வெடிமருந்தைத்தான் நிரப்பினேன். அதற்கு அங்கே 24 அங்குலப் பேரலில் விநாடிக்கு 2,520 அடி. நேற்று குரோனோகிராஃப் (புல்லட் வேகத்தை அளக்கும் பெட்டி) வைத்துச் சுட்டால் 2,590, 2,710, 2,845, ஒரு முறை ‘எரர்’, அப்புறம் 2,380. அழுத்தம் கூடினால் தெரியும் அடையாளம் எதுவும் இல்லை: பிரைமர் (தோட்டாவின் அடியில் உள்ள தீமூட்டி) தட்டையாகவில்லை, போல்ட் (பேரலின் பின்பக்கத்தை அடைக்கும் தாழ்) சுலபமாகத் திறக்கிறது. இருந்தாலும் உள்ளுக்குள் உதறல். அழுத்தம் ஏறிவிட்டதா?

பழையகை:
மிச்சத் தோட்டாக்களை ஓரமாக வையுங்கள் தம்பி, சுட வேண்டாம். ஆனால் 2,380க்கும் 2,845க்கும் 465 அடி இடைவெளி. மருந்தை ஒழுங்காக அளந்திருந்தால் இவ்வளவு ஆடாது. எனக்குக் கருவி மேல்தான் சந்தேகம். பெட்டி பேரல் வாயிலிருந்து எவ்வளவு தூரம்? வெயில் எந்தப் பக்கம்?

புதுக்கை:
ஐந்தடி இருக்கும். சாயங்காலம், வெயில் பக்கவாட்டில். மேலே மாட்டும் வெள்ளைத் தடுப்பு பையிலேயே கிடக்கிறது.

பழையகை:
அதானே பார்த்தேன். புல்லட்டின் நிழல் ஒளியை உணரும் இரண்டு கண்களைக் கடக்கும் நேரத்தைத்தான் அந்தப் பெட்டி எண்ணுகிறது. ஐந்தடியில் வாயிலிருந்து வரும் வெடிப்பலையும் எரியாத மருந்துத் துகளும் கண்ணைத் தட்டிவிடும். முதல் கண் முந்திக்கொண்டால் வேகம் குறைவாக வரும், இரண்டாவது முந்தினால் கூடும். 15 அடி தள்ளி வையுங்கள், தடுப்பை மாட்டுங்கள். முதலில் .22 ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி (கடையில் வாங்கும், வேகம் தெரிந்த சிறு தோட்டா) பத்து சுட்டுப் பாருங்கள். அட்டையில் 1,070 போட்டிருந்தால் அதை ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் .308ஐ உறையிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

கெஜக்கோல்:
குரோனோ எதற்கு? 100 கெஜத்தில் ஜீரோ வைத்து (குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்து), 300இல் எவ்வளவு இறங்குகிறது என்று கணக்குப் போட்டால் வேகம் வந்துவிடுமே.

பழையகை:
300 போதாது நண்பரே. 2,650இல் கிளம்பும் 168 கிரெய்ன் அங்கே ஏறக்குறைய 15 அங்குலம் இறங்கும். வேகம் 100 அடி குறைந்தால் கூடுதலாக ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை. ஓட்டைகளே மூன்று அங்குலத்துக்குச் சிதறும்போது அதை எங்கே தேடுவது? 500இல் வித்தியாசம் ஐந்து அங்குலத்தை நெருங்கும். அங்கே உங்கள் வழி பலிக்கும். ஆனால் அன்றைய வெப்பத்தையும் இடத்தின் உயரத்தையும் சரியாகப் போட வேண்டும், ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கி) கிளிக்கும், அதாவது குறியை நகர்த்தும் திருகின் ஒவ்வொரு படியும், பொய் சொல்லக் கூடாது.

புதுக்கை:
இன்று போய் வந்தேன். .22 சராசரி 1,064. அதற்கப்புறம்தான் .308ஐ எடுத்தேன்: 2,431, 2,447, 2,438, 2,452, 2,440. சராசரி 2,442. இப்போது குறைவாக இருக்கிறதே, மருந்தைக் கொஞ்சம் ஏற்றலாமா?

பழையகை:
2,520ஐ எட்ட வேண்டும் என்பதற்காக ஏற்றவே ஏற்றாதீர்கள். உங்கள் பேரல் நான்கு அங்குலம் குட்டை. அங்குலத்துக்கு 20 அடி வேகம் போனாலே 80. 15 அடி தள்ளி அளந்ததில் இன்னொரு பத்து அடி போயிருக்கும். கணக்கு நேராகத்தான் இருக்கிறது.

புதுக்கை:
நிம்மதி அண்ணே. ஒரே சேதம், பெட்டியில் தடுப்பைத் தாங்கும் முன்கம்பி. ஸ்கோப்பில் வழி காலியாகத் தெரிந்தது, ஆறாவது குண்டு கம்பியைக் கொண்டுபோய்விட்டது.

பழையகை:
ஸ்கோப் பேரலுக்கு மேலே ஒன்றரை அங்குலம் அல்லவா இருக்கிறது! போல்ட்டைக் கழற்றி, பேரல் வழியாகக் கண் வைத்துப் பெட்டியை நிறுத்துங்கள். கம்பிக்குப் பதில் மரக்குச்சி செருகுங்கள். நான் இதுவரை நாலு உடைத்திருக்கிறேன்.