வாரண்டிக்கு ஒரு லட்சம் கொடுக்கலாமா?

குழு: வீட்டு ஆட்கள், மாகடி ரோடு

சரவணன்: நம் மாடுலர் கிச்சன் பட்டறைக்கு, பலகை ஓரத்தில் பட்டை ஒட்டுகிற எட்ஜ் பேண்டிங் மெஷினுக்குக் கடைசிக் கொட்டேஷன் வந்துவிட்டது. மெஷின் 11,40,000. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் 13,45,200. முதல் வருட வாரண்டி இதிலேயே அடக்கம். கூடவே இன்னொரு தாளையும் நீட்டுகிறார்கள். அதற்கடுத்த இரண்டு வருடத்துக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி 92,000, ஜிஎஸ்டி தனி. நாளை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். வாங்கலாமா?

அத்தை: மெஷின் எப்போது இறங்குகிறது? ஆடியில் வேண்டாம்.

சரவணன்: ஆவணி முதல் வாரம் அத்தை.

அத்தை: அப்போ சரி. மற்றதை நீங்கள் பேசிக்கொள்ளுங்கள்.

செந்தில்: மச்சான், யோசிக்காமல் வாங்கிவிடுங்கள். பதிமூன்று லட்சம் போடுகிற இடத்தில் ஒரு லட்சத்தைப் பார்ப்பதா?

கவிதா: செந்தில் அண்ணா, கணக்கைச் சொல்கிறேன், பாருங்கள். ஜிஎஸ்டியோடு 1,08,560. அதில் வரி 16,560 எங்களுக்கு இன்புட் கிரெடிட்டாக, நாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிந்துவிடும், பரவாயில்லை. ஆனால் டீலர் இதையும் மெஷின் லோனுக்குள்ளேயே போட்டுத் தருகிறேன் என்கிறார். 12 சதவீத வட்டி, ஐந்து வருடம். இந்த ஒரு தாளுக்கு மட்டும் மாதம் 2,415 ரூபாய். வட்டியே 36,000க்கு மேல் போகிறது. மூன்றாம் வருடத்தோடு வாரண்டி முடிந்துவிடும். அதற்கப்புறமும் இரண்டு வருடம் தவணை கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

மீனா: அண்ணி சொன்னால் அப்பீல் கிடையாது. அண்ணா, அந்தத் தாளை எல்லாப் பக்கமும் படம் எடுத்துப் போடு. பின்பக்கத்துப் பொடி எழுத்துதான் முக்கியம்.

சரவணன்: (நான்கு படங்கள்)

மாமா: இவ்வளவு பொடி எழுத்து என் கண்ணுக்குத் தெரியாது. மீனா, படித்துச் சொல்லம்மா.

மீனா: படித்துவிட்டேன். எதற்கெல்லாம் கிடையாது என்ற பட்டியல்தான் நீளம். கட்டர், பஃபிங் வீல், பெல்ட், பிரஷர் ரப்பர், கன்வேயர் பேட், பேரிங், ஹீட்டர், சூட்டை அளக்கிற தெர்மோகப்பிள், பசைத் தொட்டியின் டெஃப்லான் பூச்சு எல்லாம் தேய்மானப் பொருட்களாம், கிடையாது. வோல்டேஜ் ஏறி இறங்கி வந்த பழுது கிடையாது. தண்ணீர், தூசி, எலி, பூச்சி கிடையாது. வெளிக்கடைப் பசை ஊற்றினால் மொத்த வாரண்டியும் செல்லாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவர்கள் டெக்னீஷியனை வைத்துக் காசு கொடுத்து சர்வீஸ் செய்ய வேண்டும், ஒன்று தவறினாலும் செல்லாது.

அத்தை: எலி கடித்தாலும் கிடையாதா? அப்போ ஒரு லட்சத்துக்குப் பதில் ஒரு பூனை வாங்கிவிடலாமே.

செந்தில்: அத்தை, மெஷினின் மூளையான பிஎல்சியைப் பூனை பார்த்துக்கொள்ளாது. மீனா, எது உண்டு என்று சொல்லு, அதுதானே விஷயம்.

மீனா: பிஎல்சி, டச் ஸ்கிரீன், மோட்டார் வேகத்தை மாற்றுகிற இன்வெர்ட்டர், கியர்பாக்ஸ், மோட்டார். மோட்டாரிலும் உள்ளே இருக்கிற பேரிங் கிடையாது.

சரவணன்: அங்கேதான் இடிக்கிறது. ஒட்டின பட்டையைச் சீவுகிற டிரிம்மிங் மோட்டார் 200 ஹெர்ட்ஸில் ஓடுகிறது, நிமிடத்துக்கு 12,000 சுற்று. அதில் முதலில் சத்தம் போடுவதே பேரிங்தான்.

செந்தில்: சரி, என் கதையைச் சொல்கிறேன். பீன்யாவில் என்னிடம் இருக்கிற, கம்ப்யூட்டர் சொல்கிறபடி பலகை வெட்டுகிற சிஎன்சி ரவுட்டருக்கு இதே மாதிரி வாரண்டி எடுத்தேன். இரண்டாம் வருடம் கன்ட்ரோலர் கார்டு போனது. கையிலிருந்து ஒரு பைசா கேட்கவில்லை, புதுக் கார்டு போட்டுக்கொடுத்தார்கள். அன்றைக்கு அந்தத் தாள் இல்லாவிட்டால் எனக்குப் பெரிய அடி.

மீனா: கார்டு வர எத்தனை நாள் ஆனது என்பதையும் சொல்லுங்களேன்.

செந்தில்: அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் இல்லையா, வாரக்கணக்கில் ஆனது. அதுவரை ஜாப் வேலையை வெளியே கொடுத்து ஓட்டினேன்.

மீனா: அந்த ஜாப் வேலைக்குக் கொடுத்த காசு கார்டு விலையை விட அதிகம். வீட்டில் யார் புலம்பலைக் கேட்டது என்று எனக்குத்தானே தெரியும்.

செந்தில்: அது உண்மைதான். ஆனால் அந்தக் காசும் போய், கார்டுக்கும் கொடுத்திருந்தால்?

சரவணன்: மாப்பிள்ளை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு அந்த நிற்கிற நாட்கள்தான் பயம். ஆடியில் கிரகப்பிரவேசம் இல்லை, மெஷின் சும்மா கிடந்தாலும் கேட்பாரில்லை. ஆவணி பிறந்தால் சர்ஜாப்பூர், ஒயிட்ஃபீல்டு ஃபிளாட்காரர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மாடுலர் கிச்சன் வேண்டும். அப்போது மெஷின் நின்றால் பழையபடி கையால்தான் எட்ஜ் ஒட்ட வேண்டும். 2 மில்லிமீட்டர் பிவிசி பட்டையைக் கையால் ஒட்டினால் மூலையில் பசைக் கோடு தெரியும். கஸ்டமர் முதலில் விரல் வைத்துப் பார்ப்பதே அங்கேதான்.

மாமா: (குரல் செய்தி)

அத்தை: நான் பஸ்ஸில் இருக்கிறேன், ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் என்னிடம் நாலு வார்த்தை பேசாத மனுஷன் குழுவில் இவ்வளவு நீளமாகப் பேசியிருக்கிறார். யாராவது எழுதிப் போடுங்கள்.

கவிதா: நான் எழுதுகிறேன் அத்தை. மாமா சொன்னது இதுதான்:

"சரவணா, நான் எச்எம்டியில் மெயின்டெனன்ஸில் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன். எலக்ட்ரானிக் சாமானில் தயாரிப்புக் குறை இருந்தால் பெரும்பாலும் ஓட ஆரம்பித்த கொஞ்ச மாதத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். அது உன் முதல் வருட வாரண்டியில் வந்துவிடும். அதற்கப்புறம் சில வருடம் அமைதியாக ஓடும். பிறகு வயதாகித் தேய்ந்து போக ஆரம்பிக்கும். இவர்கள் விற்கிறது நடுவில் இருக்கிற அந்த அமைதியான இரண்டு வருடத்தைத்தான்.

நடுவில் போகிற இன்வெர்ட்டர் எதனால் போகிறது தெரியுமா? போன மாதம் சுங்கதகட்டேயில் நம் சிநேகிதர் பட்டறையில் பேனலைத் திறந்து பார்த்தேன். உள்ளே எம்டிஎஃப் பலகைத் தூசி, பொரிகடலை மாவைச் சலித்துக் கொட்டினது போல ஒரு விரல் உயரத்துக்கு. இன்வெர்ட்டரின் குளிர்விக்கிற ஃபேன் சுற்றவே இல்லை. சூடு ஏறித்தான் அது செத்தது. பையன்கள் ராத்திரி ஏர் கன்னால் மெஷினை ஊதுகிறார்கள். தூசியெல்லாம் பேனல் இடுக்கு வழியாக உள்ளே போகிறது. வாக்குவம் வைத்து உறிஞ்ச வேண்டும், ஊதக் கூடாது. இதற்கு எந்த வாரண்டியில் காசு கொடுப்பான்? தூசி என்று எழுதிவிட்டானே.

இன்னொன்று வோல்டேஜ். உன் ஷெட்டில் மத்தியானம் வெல்டிங் கடைக்காரன் வேலை ஆரம்பித்தால் லைட் மங்குகிறது, நானே பார்த்தேன். த்ரீ ஃபேஸ் சர்வோ ஸ்டெபிலைசர் போடு. ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்துகிற சிங்கிள் ஃபேஸிங் பிரிவென்டர் போடு. நல்ல எர்த் போடு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்தால் 2, 3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. அப்புறம் கம்ப்ரஸருக்கு ஏர் டிரையர். பெங்களூர் மழைக்காலத்தில் காற்றோடு தண்ணீரும் போய் வால்வைக் கெடுக்கும். பசையை 180, 200 டிகிரியிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், கருகித் தொட்டியில் ஒட்டிக்கொள்ளும். அந்த 92,000ஐ இதில் போடு. வைக்கிறேன்."

அத்தை: கடைசியில் வைக்கிறேன் என்று வேறு சொல்கிறார், போனில் பேசுகிற மாதிரி.

செந்தில்: பெரியவர் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் மாமா, பிஎல்சி ஒன்று போனால்கூட விலை பயங்கரமாக இருக்கும்.

சரவணன்: அதைத்தான் இப்போது டீலரிடம் கேட்டேன். உதிரி விலைப்பட்டியல் அனுப்பியிருக்கிறார். பிஎல்சி 45,000. டச் ஸ்கிரீன் 36,000. இன்வெர்ட்டர் 31,000. டிரிம்மிங் மோட்டார் 24,000.

கவிதா: அப்படியானால் இதில் விலை கூடிய இரண்டு போனாலும் 81,000தான். வாரண்டிக்குக் கொடுத்த 92,000 திரும்பி வர, இரண்டு வருடத்துக்குள் மூன்று சாமான் போக வேண்டும். அதுவும் வோல்டேஜால் போகக் கூடாது, தூசியால் போகக் கூடாது, எலியாலும் போகக் கூடாது.

செந்தில்: அண்ணி, நான் சரண்டர்.

மீனா: தாளில் இன்னொன்றையும் பார்த்தேன் அண்ணா. கையெழுத்துப் பகுதியில் டீலர் சீல் மட்டும்தான் இருக்கிறது, மெஷின் தயாரித்த கம்பெனியின் பெயரே இல்லை. டீலர் நாளைக்கு வேறு கம்பெனி ஏஜென்சிக்கு மாறிவிட்டால் இந்தத் தாளை எங்கே கொண்டுபோய் நீட்டுவாய்? நுகர்வோர் கமிஷனுக்குப் போகலாம் என்று நினைக்காதே. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் கணக்கில் வர மாட்டார். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர், அந்தத் தொழிலுக்கென்றே வாங்கினால் மட்டும் விலக்கு உண்டு. உன்னிடம் ஆறு பேர் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். எதிர்த் தரப்பு முதல் வாதமாக அதைத்தான் வைக்கும்.

சரவணன்: அப்போ ஒன்றுமே இல்லாமல் விட்டுவிடுவதா? பெரிதாக ஏதாவது ஆனால்?

மீனா: அதற்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. மெஷினரி பிரேக்டவுன் பாலிசி என்று பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் தருகின்றன, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். திடீரென்று வருகிற பழுதுக்குத்தான் அது. ஷார்ட் சர்க்யூட், ஓட்டுகிறவன் கவனக்குறைவு இதெல்லாம்கூட வரும். தேய்மானம் அதிலும் கிடையாது, பெல்ட் மாதிரி சாமானும் கிடையாது. ஒவ்வொரு கிளெய்மிலும் முதலில் ஒரு தொகையை நீயே ஏற்க வேண்டும். இன்னொன்று, காப்பீட்டுத் தொகையை அதே மாதிரிப் புது மெஷின் இன்றைக்கு என்ன விலையோ அந்த விலைக்குப் போட வேண்டும். பிரீமியம் மிச்சம் பிடிக்கக் குறைத்துப் போட்டால் கிளெய்மிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். எங்கள் ஆபீஸில் இந்தத் தகராறைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

கவிதா: மெஷின் வந்ததும் இரண்டு இடத்தில் பிரீமியம் கேட்டுப் பார்க்கலாம். லோனுக்காக பேங்க் எப்படியும் தீ விபத்துக் காப்பீடு கேட்கும், சேர்த்தே பேசிவிடுவோம்.

மாமா: காப்பீடு காசைத்தான் கொடுக்கும். மெஷினை ஓட வைக்க ஆள் வேண்டும். சரவணா, அவர்களுக்குப் பெங்களூரில் டெக்னீஷியன் எத்தனை பேர் என்று கேட்டாயா?

சரவணன்: இரண்டு பேராம் மாமா. ஒருவர் ஹூப்ளி வரைக்கும் பார்த்துக்கொள்கிறாராம்.

மாமா: அப்போ பேரத்தை அங்கே பிடி. விலையைக் குறைக்கச் சொல்லாதே. கூப்பிட்டால் 48 மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும், அதை எழுதி வாங்கு. ஒரு செட் ஹீட்டர், தெர்மோகப்பிள், பேரிங், பிரஷர் ரப்பர், கட்டர் மெஷினோடு பெட்டியில் வர வேண்டும். பிஎல்சி புரோகிராம் காப்பி ஒன்று உன் கையில் இருக்க வேண்டும். இதைப் பலர் கேட்பதே இல்லை. புது பிஎல்சி வாங்கினாலும் உள்ளே புரோகிராம் இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி.

செந்தில்: இது நல்ல பாயிண்ட் மாமா. என் மெஷினுக்கும் நாளைக்கே கேட்கிறேன்.

மீனா: அண்ணா, இன்னொரு கேள்வியும் கேள். இந்த வாரண்டியை இப்போதேதான் எடுக்க வேண்டுமா, முதல் வருடம் முடியும் முன்னால் எடுத்தால் போதுமா? ஒரு வருடம் ஓட்டிப் பார்த்தால் மெஷினின் குணம் தெரிந்துவிடும்.

சரவணன்: கேட்டுவிட்டு வருகிறேன்.

அத்தை: வீட்டுக்கு வந்துவிட்டேன். சாப்பிட்டீர்களா எல்லோரும்?

கவிதா: சாப்பிட்டாயிற்று அத்தை. இவர்தான் போனும் கையுமாகத் திண்ணையில் இருக்கிறார்.

சரவணன்: பேசிவிட்டேன். வாரண்டி வேண்டாம் என்று சொன்னதுமே 92,000 எழுபதாயிரம் ஆகிவிட்டது.

செந்தில்: ஒரு போன் காலில் 22,000 இறங்கியதா!

கவிதா: இன்னும் கொஞ்ச நேரம் லைனில் இருந்திருந்தால் அவரே நமக்குக் காசு கொடுத்திருப்பார்.

சரவணன்: அதற்கும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பதினோராம் மாதம் வரைக்கும் எடுக்கலாமாம், நாளைக்குள் என்பதெல்லாம் ஆபீஸில் சொல்லச் சொன்னதாம். உதிரிப் பெட்டி கொடுக்கிறார், கட்டருக்கு மட்டும் பாதி விலை கேட்கிறார், சரி என்றேன். புரோகிராம் காப்பிக்குக் கம்பெனியில் கேட்டுச் சொல்கிறாராம். அதை எழுதிக்கொடுத்த பிறகுதான் முன்பணம் என்று சொல்லிவிட்டேன். 48 மணி நேரத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை, 72 மணி நேரம் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதலாம் என்கிறார். தாமதமானால் அடுத்த சர்வீஸ் இலவசம்.

மாமா: 72 பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்கிறானா என்று பார்த்துக்கொள்.

மீனா: பர்ச்சேஸ் ஆர்டர் வரைவை எனக்கு அனுப்பு அண்ணா, படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

சரவணன்: சரி. ஸ்டெபிலைசருக்கு எஸ்.பி. ரோட்டில் விலை கேட்கிறேன். சனிக்கிழமை எர்த் குழி தோண்ட ஆள் வருகிறான். மாமா, பத்து மணிக்கு ஷெட்டுக்கு வர முடியுமா? இடம் நீங்கள் காட்டினால் நல்லது.

மாமா: வருகிறேன். உப்பும் கரியும் வாங்கி வைக்காதே. இப்போது அதற்கென்றே மூட்டையில் கெமிக்கல் வருகிறது, எலக்ட்ரோடோடு சேர்த்து வாங்கு.

அத்தை: பத்து மணிக்கு ராகுகாலம். ஒன்பதுக்கு முன்னாலோ பத்தரைக்கு மேலேயோ குழியில் கை வையுங்கள்.

சரவணன்: பத்தரைக்கு மேலே அத்தை.